உங்களுக்காக வேறு யாரும் சாப்பிட முடியாது

மெட்ரோல நின்னுக்கிட்டே கேட்கிறவங்க, பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே கேட்கிறவங்க, நைட் ஷிஃப்ட் முடிச்சு கேப்ல வீட்டுக்குப் போறவங்க, எல்லாரையும் வரவேற்கிறேன்.

இன்னைக்குப் பேசப்போற விஷயம் கொஞ்சம் சங்கடமானது. "இந்தச் சபையில எனக்கு ஆவிக்குரிய ஆகாரம் கிடைக்கல." இந்த வரியை நீங்களும் கேட்டிருப்பீங்க, சொல்லியும் இருப்பீங்க. சில நேரம் அது உண்மைதான். வாரா வாரம் ஜோக்கும் அறிவிப்பும் காணிக்கைப் பேச்சுமா ஓடுற பிரசங்க மேடைகள் இருக்கு. அதை நான் மூடி மறைக்கப் போறதில்ல.

ஆனா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. வாரத்துக்கு 168 மணி நேரம். ஆராதனை ரெண்டு மணி நேரம்னு வைச்சுக்குவோம். உலகத்திலேயே சிறந்த பிரசங்கியார் உங்க சபைக்கு வந்தாலும் மிச்சம் 166 மணி நேரம் இருக்கு. அந்த 166 மணி நேரத்துல உங்களை யார் போஷிக்கிறது? மேனேஜர் கத்துற செவ்வாய்க்கிழமை மதியம், தூக்கம் வராம ரீல்ஸ் தள்ளிக்கிட்டிருக்கிற வியாழக்கிழமை ராத்திரி, அங்கெல்லாம் போதகர் கூட வர மாட்டார். வரவும் முடியாது.

தினசரி ஆவிக்குரிய வளர்ச்சியில என் பங்கு எது, தேவனோட பங்கு எது, சபையோட பங்கு எது? இந்த மூணையும் பிரிச்சுப் புரிஞ்சுக்கிறதுதான் இன்னைக்கு எபிசோடு.

மன்னாவுக்கு ஹோம் டெலிவரி கிடையாது

யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்துக்குப் போவோம். எகிப்தை விட்டு வெளியே வந்த ஜனங்க வனாந்தரத்துல பசிக்குதுன்னு முறுமுறுக்கிறாங்க. தேவன் மன்னாவைக் கொடுக்கிறார். காலையில பனி விலகினதும் தரையில கொத்துமல்லி விதை மாதிரி வெள்ளையா கிடக்குது.

இதுல யார் என்ன செய்றாங்கன்னு கவனிங்க. மன்னாவை உண்டாக்கினது தேவன். ஒரு மனுஷனாலயும் அதை விதைக்கவோ விளைவிக்கவோ முடியாது. அது முழுக்க கிருபை. ஆனா அது யார் வாய்க்குள்ளயும் தானா போய் விழல. கூடாரத்தை விட்டு வெளியே வரணும், குனியணும், பொறுக்கணும். தலைக்கு ஒரு ஓமர் அளவு. இன்னைய கணக்குல சுமார் ரெண்டு லிட்டர் பாத்திரம். வெயில் ஏறினா உருகிப் போயிடும், அதனால காலையிலேயே போகணும்.

சில பேர் புத்திசாலித்தனமா நாளைக்கும் சேர்த்து எடுத்து வைச்சாங்க. மறுநாள் அது புழு வைச்சு நாறிப்போச்சு. ஆறாம் நாள் மட்டும் ரெண்டு மடங்கு எடுக்கலாம். ஏன்னா மறுநாள் ஓய்வுநாள். அன்னைக்கு அது கெட்டுப்போகல.

நம்மள்ல பல பேர் ஆவிக்குரிய வாழ்க்கையை ஃப்ரிட்ஜ்ல வைச்ச சாப்பாடு மாதிரி நடத்துறோம். 2019ல ஒரு யூத் கேம்ப்ல அழுதேன், அப்போ தேவன் என்கிட்ட பேசினார், அதை வைச்சு இன்னும் ஓட்டிக்கிட்டிருக்கேன். இல்லன்னா டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில எடுத்த வாக்குத்தத்த அட்டையை கண்ணாடியில ஒட்டிட்டு, அந்த வசனம் எந்த அதிகாரத்துல வருது, யாருக்குச் சொன்னதுன்னு ஒருநாளும் திறந்து பார்க்காம ஒரு வருஷம் கடத்துறோம். கேம்ப் தப்பில்ல, அட்டையும் தப்பில்ல. ஆனா நேத்தைய மன்னாவுக்கு நேத்தோட ஆயுசு முடிஞ்சது.

இன்னொரு விவரமும் இருக்கு. ஒவ்வொருத்தரும் தன் கூடாரத்துல இருக்கிறவங்க எண்ணிக்கைப்படி எடுக்கணும்னு கட்டளை. அதாவது, வீட்டுல இருக்கிற சின்னப் பிள்ளைக்கு அப்பாவோ அம்மாவோ பொறுக்கிட்டு வரலாம். தீமோத்தேயுவோட விசுவாசம் முதல்ல அவங்க பாட்டி லோவிசாள்கிட்டயும் அம்மா ஐனிக்கேயாள்கிட்டயும் இருந்ததுன்னு பவுல் சொல்றார். நம்ம வீடுகள்லயும் விடியற்காலையில முட்டி போட்டு நம்ம பேரைச் சொல்லி ஜெபிச்ச பாட்டிமார் இருந்தாங்க. அது பெரிய சொத்து. ஆனா வளர்ந்த பிள்ளை எத்தனை வருஷம் பாட்டி பாத்திரத்துலயே சாப்பிடுறது? தீமோத்தேயுவுக்கே பவுல் எழுதும்போது, உன் பாட்டி பக்தியா இருந்தாங்க, அது போதும்னு சொல்லல. தேவபக்தியில நீயே பயிற்சி எடுன்னு சொல்றார்.

ஜிம் மெம்பர்ஷிப் தசையைக் கொடுக்காது

அந்த 1 தீமோத்தேயு 4ஆம் அதிகாரத்துல பவுல் பயன்படுத்துற கிரேக்கச் சொல் 'கும்னாட்சோ'. 'ஜிம்னேஷியம்'ங்கிற வார்த்தை வந்த வேரும் அதுதான். அந்தக் காலத்து விளையாட்டு வீரர்கள் பயிற்சிக்கூடத்துல உடம்பைப் பழக்கினதைக் குறிக்கிற சொல். எபிரெயர் 5ஆம் அதிகாரத்தின் முடிவுலயும் அதே சொல் வருது. அங்க சொல்றது என்னன்னா, இதுக்குள்ள நீங்க மத்தவங்களுக்குப் போதிக்கிற நிலைமைக்கு வந்திருக்கணும், ஆனா இன்னும் பால் குடிக்கிற குழந்தைங்களா இருக்கீங்க. பலமான ஆகாரம் யாருக்கு? நன்மை எது, தீமை எதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தன் புலன்களைப் பழக்கினவங்களுக்கு.

ஜனவரியில ஜிம்முக்கு ஒரு வருஷப் பணம் கட்டிட்டு மார்ச்லேயே மறந்துபோன அனுபவம் நம்மள்ல பல பேருக்கு உண்டு. டிரெய்னர் எண்ணிக்கை சொல்வார், முதுகு வளைஞ்சா திருத்துவார். உங்களுக்குப் பதிலா அவர் வெயிட் தூக்கினா அவருக்குத்தான் தசை வளரும். போதகரும் அப்படித்தான். அவர் ஜெபிச்சா அவர் வளருவார். நம்ம ஜெபத்தை அவர்கிட்ட அவுட்சோர்ஸ் பண்ணினா, நாம அப்படியே நிப்போம்.

லூத்தரோட முடிதிருத்துநர்

இப்போ சரித்திரத்துல இருந்து ஒரு சம்பவம். ஜெர்மனியில விட்டன்பர்க் நகரத்துல பேதுரு பெஸ்கன்டார்ஃப்னு ஒரு முடிதிருத்துநர் இருந்தார். மார்ட்டின் லூத்தருக்குச் சவரம் பண்றவர், நெடுநாள் நண்பர். எப்படி ஜெபிக்கணும்னு அவர் லூத்தர்கிட்ட கேட்டார். லூத்தர் அதுக்குப் பதிலா 1535ல ஒரு சின்னப் புத்தகமே எழுதிக் கொடுத்துட்டார்.

ரொம்ப நடைமுறையான புத்தகம் அது. காலையில முதல் வேலை ஜெபமா இருக்கட்டும், ராத்திரி கடைசி வேலையும் அதுவா இருக்கட்டும்னு சொல்றார். இதை முடிச்சிட்டு, அதை முடிச்சிட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு ஜெபிக்கலாம்னு மனசு சொல்லும், அதை நம்பாதேன்னு எச்சரிக்கிறார். கர்த்தருடைய ஜெபத்தையும் பத்துக் கட்டளைகளையும் ஒவ்வொரு வரியா எடுத்து, இதுல நான் கத்துக்கிறது என்ன, நன்றி சொல்ல வேண்டியது என்ன, அறிக்கை செய்ய வேண்டியது என்ன, கேட்க வேண்டியது என்னன்னு யோசிக்கச் சொல்றார். நல்ல முடிதிருத்துநரோட கண் கத்தி மேலேயே இருக்கணும், பேச்சு சுவாரசியத்துல கவனம் சிதறினா வாடிக்கையாளர் மூக்கு போயிடும், ஜெபத்துலயும் அப்படிக் கவனமா இருன்னு நண்பரோட தொழிலையே உதாரணமா வைச்சுச் சொல்றார்.

அதே 1535ல ஈஸ்டர் சமயத்துல, ஒரு குடும்ப விருந்துல, குடிபோதையில பேதுரு தன் சொந்த மருமகனைக் கத்தியால குத்திட்டார். மருமகன் இறந்துபோனார். லூத்தர் தன் நண்பருக்காகப் பரிந்து பேசினார். கடைசியில பேதுரு ஊரை விட்டே வெளியேற்றப்பட்டார்.

இதை வைச்சு அந்த மனுஷன் ஜெபிச்சாரா இல்லையான்னு தீர்ப்பு சொல்ற உரிமை நமக்கு இல்ல. ஜெபிக்கிறவங்களும் விழுவாங்க. ஆனா ஒண்ணை யோசிங்க. அந்தக் காலத்துல கிடைக்கக்கூடிய மிகப் பெரிய போதகர் அவருக்கு நண்பர். அவருக்காகவே எழுதின புத்தகம் இருக்கு. அந்தச் சாப்பாட்டு மேஜையில, அந்த நிமிஷத்துல லூத்தரால அவருக்குப் பதிலா கத்தியைக் கீழே வைக்க முடியல. லூத்தரால ஜெபத்தைக் கத்துக் கொடுக்க முடிஞ்சது, விழுந்த பிறகு பரிந்து பேச முடிஞ்சது. நடுவுல இருக்கிற அந்த வாழ்க்கையை பேதுருதான் வாழணும்.

நமக்கும் இப்படி ஒரு மேஜை வரும். லஞ்ச பேரமா இருக்கலாம், ராத்திரி பதினோரு மணிக்கு வர்ற ஒரு மெசேஜா இருக்கலாம், வீட்டுல கை ஓங்குற கோபமா இருக்கலாம். தினசரி வளர்ச்சி ஏன் அவசியம்னா, அந்த நிமிஷத்துல புதுசா எதையும் சம்பாதிக்க நேரம் இருக்காது. ஏற்கெனவே உள்ளே பழகி இருக்கிறதுதான் வெளியே வரும்.

அப்போ தேவன் என்ன செய்றார்?

இங்க ஒரு ஆபத்து இருக்கு. எல்லாம் என் கையிலன்னு எடுத்துக்கிட்டா, ரெண்டு வாரத்துல களைச்சுப் போயிடுவோம். இல்லன்னா ரொம்பப் பெருமை வந்துடும்.

பிலிப்பியர் 2ஆம் அதிகாரம் 12, 13 வசனங்களைச் சேர்த்தே படிக்கணும். 12ல, பயத்தோடும் நடுக்கத்தோடும் பிரயாசம் எடுக்கச் சொல்றார். 13ல, விருப்பத்தையும் செய்கையையும் உங்களுக்குள்ள உண்டாக்குறது தேவன்தான்னு சொல்றார். 12ஐ மட்டும் படிச்சா மதவாதி ஆவோம், 13ஐ மட்டும் படிச்சா சோம்பேறி ஆவோம். ரட்சிப்பைச் சம்பாதிக்கப் பாடுபடச் சொல்லல. ஏற்கெனவே இலவசமா கிடைச்சதை வாழ்ந்து காட்டத்தான் பிரயாசம்.

மாற்கு 4ல இயேசு சொன்ன விவசாயி உவமையும் இதேதான். அவன் விதைக்கிறான், தூங்குறான், எழுந்திருக்கிறான். விதை முளைச்சு வளருது. எப்படின்னு அவனுக்கே தெரியாது. வளர்த்தது அவன் இல்ல. ஆனா விதைக்காம தூங்கியிருந்தா கதிர் வந்திருக்காது.

அதனால, ஒருநாள் விட்டுப்போச்சுன்னா குற்ற உணர்ச்சியில மூழ்காதீங்க. வேதாகம ஆப்ல 43 நாள் ஸ்ட்ரீக் போயிடுச்சு, மறுபடி பூஜ்யம்னு காட்டும். தேவன் ஸ்ட்ரீக் எண்ணுறவர் இல்ல. மன்னாவை எடுத்து வைச்சுப் புழு பிடிக்க விட்டவங்களுக்கும், ஓய்வுநாள்ல தேடிப் போனவங்களுக்கும் கண்டிப்பு கிடைச்சது. ஆனா அதுக்காக மன்னா நின்னுபோகல. 40 வருஷம் வந்துக்கிட்டே இருந்தது.

எது சுமை, எது பை?

"அப்போ எனக்கு யாரும் உதவக் கூடாதா? மன அழுத்தத்துல பைபிளைத் திறக்கவே முடியலயே?" இதைக் கேட்கிறவங்க நிறைய பேர். இதுக்கு கலாத்தியர் 6ஆம் அதிகாரத்துல பதில் இருக்கு.

2ஆம் வசனத்துல ஒருத்தர் பாரத்தை இன்னொருத்தர் சுமக்கணும்னு இருக்கு. 5ஆம் வசனத்துல அவங்கவங்க பாரத்தை அவங்கவங்கதான் சுமக்கணும்னு இருக்கு. முரண்பாடு மாதிரி தெரியுது, ஏன்னா தமிழ் வேதாகமத்துல ரெண்டு இடத்துலயும் 'பாரம்'தான். கிரேக்கத்துல ரெண்டு வேற வேற சொற்கள். முதல்ல வர்றது 'பாரோஸ்', நசுக்குற பெரிய சுமை. ரெண்டாவது 'ஃபோர்டியோன்', ஒரு ஆள் தூக்கிட்டு நடக்கிற மூட்டை. நம்ம பாஷையில ஒரு பேக்பேக்னு வைச்சுக்கோங்க.

அப்பாவோட மரணம், வேலை போனது, டிப்ரஷன், ஒரு அடிமைப்பழக்கம். இதெல்லாம் பாரோஸ். இதைத் தனியா தூக்காதீங்க. நண்பர்கள்கிட்ட சொல்லுங்க, மருத்துவரைப் பாருங்க, கவுன்சிலிங் போங்க. மாற்கு 2ல அந்தத் திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கிட்டுப் போய், கூரையைப் பிரிச்சு இயேசு முன்னாடி இறக்கினாங்க. எலியா சூரைச்செடிக்குக் கீழ படுத்து, சாகணும்னு கேட்டப்போ தேவன் அவருக்குப் பிரசங்கம் பண்ணல. தூங்க விட்டார், அடையும் தண்ணியும் கொடுத்தார், மறுபடி தூங்க விட்டார்.

ஆனா என் கோபம், என் நாக்கு, என் போன், என் பணம், நான் காலையில எழுந்து எதை முதல்ல கையில எடுக்கிறேன்ங்கிறது, இதெல்லாம் என் பேக்பேக். இதைச் சபை தலையில ஏத்தக் கூடாது. நம்ம குழப்பமே இதுதான்: உதவி கேட்க வேண்டிய சுமையைத் தனியா தூக்கிட்டு முதுகு உடையிறோம், தூக்க வேண்டிய பையை அடுத்தவங்க கையில கொடுத்துட்டு நடக்கிறோம்.

படிக்காதவங்களை ஏமாத்துறது சுலபம்

அப்போஸ்தலர் 17ல பெரோயா பட்டணத்து யூதர்களைப் பத்தி லூக்கா பாராட்டி எழுதுறார். பவுல் சொன்னதை ஆவலா கேட்டாங்க, அது சரிதானான்னு தினமும் வேதத்தைத் தேடிப் பார்த்தாங்க. சொன்னவர் பவுல்! அவரையே சரிபார்த்தாங்க. அதுக்காக யாரும் அவங்களைக் கலகக்காரங்கன்னு சொல்லல.

இன்னைக்கு நம்ம வாட்ஸ்அப்ல என்னெல்லாம் வருது? இந்தத் தொகையை விதைச்சா இந்த மாசம் வேலை கிடைக்கும். விசுவாசம் இருந்தா மருந்தை நிறுத்து. கர்த்தர் காட்டினார், இவரைக் கல்யாணம் பண்ணு. பணம், உடம்பு, வாழ்க்கைத்துணை, எல்லாமே இதுல பணயம். சொந்தமா வேதம் படிக்கிற ஒருத்தர் குறைஞ்சபட்சம் "இது எங்க இருக்கு, எந்தச் சூழ்நிலையில சொன்னது?"ன்னு கேட்பார். அந்த ஒரு கேள்வி எத்தனையோ வீடுகளைக் காப்பாத்தும்.

அந்தக் கேள்வி கேட்க நமக்கு ஒரு வழி போட்டுக் கொடுத்திருக்காங்க. 1706ல தரங்கம்பாடியில வந்து இறங்கின சீகன்பால்க், தமிழ் கத்துக்கிட்டு புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். 1714, 1715ல அது தரங்கம்பாடியிலேயே அச்சாச்சு. கடல் தாண்டி அச்சுப்பொறி வரணும், காகிதத்துக்குத் தட்டுப்பாடு. சாதாரண ஜனங்க தங்களோட பாஷையில, தங்களோட கண்ணால படிக்கணும்ங்கிறதுக்காக இவ்வளவு பாடு. இன்னைக்கு அது நம்ம பாக்கெட்ல, இலவசமா, ஆடியோவோட இருக்கு. ஃபுட் டெலிவரி ஆப்புக்குப் பக்கத்துலயே.

நாளைக்குக் காலையில

சரி, எங்க ஆரம்பிக்கிறது? பெரிய தீர்மானம் வேண்டாம். ஒரு மணி நேரம் ஜெபிப்பேன்னு ஆரம்பிச்சு மூணாம் நாள் விடுறதைவிட, பதினஞ்சு நிமிஷம் நிலைக்கிறது மேல்.

ஒண்ணு, இடமும் நேரமும் இப்பவே முடிவு பண்ணுங்க. நைட் ஷிஃப்ட் பார்க்கிறவங்களுக்கு விடியற்காலை நாலு மணி சாத்தியமில்ல, அதுக்காக வருத்தப்பட வேண்டாம். சாயங்காலம் எழுந்ததும் உங்க காலைதான். ஹாஸ்டல்ல நாலு பேர் இருக்கிற ரூமா? மொட்டை மாடி இருக்கு, பஸ்ல ஜன்னல் சீட் இருக்கு. 17ஆம் நூற்றாண்டுல பாரிஸ்ல ஒரு துறவி மடத்துச் சமையலறையில வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரச் சத்தத்துக்கு நடுவுலயும் தேவனோட பேசப் பழகினவர்.

ரெண்டு, ஒரு புத்தகத்தை முழுசா படிங்க. மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம். தினம் ஒண்ணுன்னா 16 நாள். கண்ணை மூடிட்டு விரல் வைச்ச இடத்துல படிக்கிறதை நிறுத்துங்க.

மூணு, படிச்சதும் ஒரே ஒரு கீழ்ப்படிதல். வசனத்தைக் கேட்டுட்டு செய்யாதவன், கண்ணாடியில முகம் பார்த்துட்டு உடனே மறந்தவன் மாதிரின்னு யாக்கோபு சொல்றார். அந்தக் கீழ்ப்படிதல் சின்னதா, நிஜமா இருக்கட்டும். ஆபீஸ்ல போட்ட பொய் டிராவல் பில்லைத் திருத்துறது. ஆறு மாசமா பேசாத அண்ணனுக்கு ஃபோன் பண்றது. ரூம் மேட் பாத்திரத்தையும் சேர்த்துக் கழுவுறது.

நாலு, ஒரே ஒரு ஆள்கிட்ட சொல்லி வைங்க. ஜான் வெஸ்லி காலத்துல மெத்தடிஸ்ட் விசுவாசிகள் சின்னச் சின்னக் குழுவா வாரம் ஒருமுறை கூடி, உன் ஆத்துமா எப்படி இருக்குன்னு ஒருத்தரை ஒருத்தர் விசாரிப்பாங்க. "சாப்பிட்டியா?"ன்னு தினமும் கேட்கிற நம்ம ஊர்ல, "இன்னைக்கு என்ன படிச்ச?"ன்னு ஒரு நண்பர் கேட்டா தப்பா நினைக்க மாட்டோம்.

கடைசியா, இந்த பாட்காஸ்டைப் பத்தியும் சொல்லிடுறேன். இது சமையல் நிகழ்ச்சி மாதிரிதான். பார்த்தா பசி எடுக்கும், வயிறு நிறையாது. இதைக் கேட்டது இன்னைய பங்கு முடிஞ்சதுக்குச் சமம்னு நினைச்சீங்கன்னா, இந்த எபிசோடு எடுத்தது வீண். நாளைக்குக் காலையில எங்களைக் கேட்கிறதுக்கு முன்னாடி மாற்கு ஒண்ணாம் அதிகாரத்தைத் திறங்க. அதுல 35ஆம் வசனத்துல இயேசுவே இருட்டோட எழுந்து தனியா ஜெபிக்கப் போறார். அவருக்கே அது தேவைப்பட்டது.

அடுத்த வாரம் சந்திப்போம். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.